ஃபைட்டர் வாங்கும்போது கலரைக் கடைசியில் பாருங்கள்

மதுரையில் ஃபைட்டர் மீன் (பெட்டா என்கிற சண்டை மீன்) வாங்க எந்தக் கடை நல்ல கடை என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடை பேரைச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. கடை சிம்மக்கல்லில் இருந்தாலும் சரி, காளவாசலில் இருந்தாலும் சரி, திருமங்கலத்தில் இருந்தாலும் சரி, அங்கே பாட்டிலில் நிற்கிற மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்தோ வேறு எங்கிருந்தோ பார்சலில் வந்ததாகத்தான் இருக்கும், கடைக்காரர் வளர்த்ததாக இருக்காது. போன வாரம் அருமையான மீன்கள் நின்ற அதே அலமாரியில் இந்த வாரம் பாதி அரை உயிராகக் கிடக்கும். அதனால் கடையைத் தேடி அலைவதை விட மீனைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் உருப்படியான வேலை. கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

பொதுவாக என்ன நடக்கிறது? உள்ளே நுழைந்ததும், வரிசையாக அடுக்கியிருக்கிற பாட்டில்களில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதில் கண் போய் நின்றுவிடும். சிவப்பு, நீலம், அப்புறம் இப்போது எல்லோரும் கேட்கிற, பல நிறம் கலந்த கோய் வகை. "அண்ணே, அந்த நீலத்தக் குடுங்க" என்று சொல்லி, பையில் கட்டி வாங்கி, ஐந்து நிமிடத்தில் வண்டியைக் கிளப்பிவிடுவோம். ஒரு ஃபைட்டரின் உடல்நிலையைப் பற்றி நமக்கு ரொம்பக் குறைவாகச் சொல்வது அதன் கலர்தான். சொல்வதிலும் பாதி பொய்.

முதல் பொய் தண்ணீரில் இருக்கிறது. நிறையக் கடைகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பாட்டிலில் மெத்திலீன் ப்ளூ சொட்டு விட்டிருப்பார்கள். தப்பில்லை, அது மருந்துதான். ஆனால் அந்தத் தண்ணீரில் வெள்ளை மீனும் வெளிர்நீலமாகத் தெரியும், உடம்பில் வெண்புள்ளி இருந்தால் கூட சட்டென்று கண்ணில் படாது. அடுத்தது விளக்கு. நீல எல்இடி எரிகிற அலமாரியில் எந்த மீனும் ஜொலிக்கும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள், நல்ல கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். தண்ணீர் ரொம்ப நீலமாக இருந்தால் தெளிந்த தண்ணீருக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வாங்காமல் வருவதே நல்லது. இன்னொரு பக்கம், வெளிறிப்போய், உடம்பில் நீளவாட்டில் இரண்டு மூன்று கோடு தெரிகிற மீனை நோய்வாய்ப்பட்டது என்று ஒதுக்கிவிடுவோம். அது பார்சல் பயணத்தில் மிரண்ட மீனாகவும் இருக்கலாம், நல்ல தண்ணீரில் சில நாள் விட்டால் நிறம் திரும்பி ஏறிவிடும்.

கோய் கதை இன்னும் வேடிக்கை. ஆரஞ்சு, கறுப்பு, வெள்ளை என்று திட்டுத் திட்டாக இருக்கிறதே என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம். சில மாதத்தில் அது பாதி நீலமாகவோ முழுக்கக் கறுப்பாகவோ மாறி நிற்கலாம். மீனுக்கு ஒரு குறையும் இருக்காது. இந்த மார்பிள் வகை மீன்களின் மரபணுவுக்குள் இடம் விட்டு இடம் தாவுகிற ஒரு துண்டு இருக்கிறது, அது தாவத் தாவ நிறம் போகும், வரும். அந்த டிசைனுக்காகவே காசு கொடுப்பவர் அது நிலைக்காது என்பதையும் சேர்த்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டீத்தண்ணி நிறத்தில் பழுப்பாக இருக்கிற பாட்டிலைப் பார்த்து அழுக்கு என்று நினைக்காதீர்கள். வாதாங்கொட்டை இலை போட்டிருப்பார்கள், நம் பள்ளிக்கூட மைதானங்களில் நிற்குமே அதே மரம். காய்ந்த இலையிலிருந்து இறங்குகிற சாயம் தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கும், கிருமியையும் ஓரளவு அடக்கும். இலை போடுகிற மெனக்கெடல் உள்ள கடைக்காரர் மற்ற விஷயத்திலும் கொஞ்சம் அக்கறையாக இருப்பார் என்பது என் கணிப்பு. அழுக்கு என்பது வேறு: அடியில் மக்கிய தீனி வெள்ளையாகப் பஞ்சு கட்டியிருக்கும், மேலே எண்ணெய்ப் படலம் போல் ஏடு நிற்கும், மூடியைத் திறந்தால் நாற்றம் வரும். பக்கத்துப் பாட்டில்களில் ஒன்றிரண்டு மீன் செத்து மிதந்துகொண்டிருந்து, அதை யாரும் எடுக்காமலும் விட்டிருந்தால் உங்கள் பாட்டிலை மட்டும் தனியாக ஆராய வேண்டியதில்லை, வெளியே வந்துவிடலாம். ஒரே வலை எல்லாப் பாட்டிலுக்குள்ளும் போய்வந்திருக்கும்.

சரி, அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? மீன் என்ன செய்கிறது என்பதை.

பாட்டிலைத் தட்டாதீர்கள். கடையில் வருகிற எல்லோரும் தட்டித் தட்டி அது ஏற்கெனவே வெறுத்துப் போயிருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சும்மா ஒரு மூலையில் நிற்பதோ அடியில் போய் ஓய்வெடுப்பதோ ஃபைட்டருக்கு சகஜம், நீண்ட வால் வைத்த மீன் அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு நாள் முழுக்க நீந்திக்கொண்டிருக்காது. ஆனால் நிற்கிற விதம் நேராக இருக்க வேண்டும். ஒருக்களித்துச் சாய்ந்தோ, தலை மேலே வால் கீழே என்று தொங்கிக்கொண்டோ, விட்டால் தக்கையாக மேலே வந்துவிடுகிற மாதிரியோ இருந்தால் உள்ளே மிதக்க உதவுகிற நீச்சல் பையில் ஏதோ சரியில்லை. விரலைக் கண்ணாடிக்கு வெளியே மெதுவாக நகர்த்துங்கள். நல்ல மீன் திரும்பும், முறைக்கும், விரலோடு கூடவே வரும். சில மீன் பயந்து பின்வாங்கும், அதுவும் பரவாயில்லை, கவனித்தது என்றுதானே அர்த்தம். விரல் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தும் கண்ணைக் கூட அசைக்காத மீனை வைத்துவிடுங்கள்.

அடுத்து அது மூச்சு விடுவதைப் பார்க்க வேண்டும், நிறையப் பேர் கவனிக்காமல் விடுகிற விஷயம் இதுதான். ஃபைட்டருக்கு செவுள் போக, மேலே வந்து காற்றை நேரடியாகக் குடித்து மூச்சு விடுவதற்கு தலைக்குள் லாபிரிந்த் என்ற உறுப்பு உண்டு. தாய்லாந்துப் பக்கம் வயல்களிலும் சதுப்பிலும் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் பிழைத்த மீன், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அதனால் அவ்வப்போது மேலே ஏறி வாயைத் திறந்து ஒரு மிடறு காற்று வாங்கிக்கொண்டு இறங்கும். அந்த ஏற்றம் அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அடியிலிருந்து உடம்பை உதறி உதறி ஏறி, காற்று வாங்கியதும் கல்லாக அமிழ்ந்தால் அந்த மீன் சோர்ந்துவிட்டது. மேலேயே நின்றபடி ஓயாமல் காற்று வாங்கிக்கொண்டு, செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொண்டால் செவுள் கெட்டிருக்கலாம். பாட்டிலில் சேர்கிற அம்மோனியா முதலில் சுடுவது செவுளைத்தான். செவுள் மூடி முழுசாக மூடாமல், ஓரத்தில் ரத்தச் சிவப்பாகப் பிதுங்கித் தெரிந்தால் எவ்வளவு அழகான மீனாக இருந்தாலும் வேண்டாம். (காற்று குடிக்கிற மீன்தானே, சின்ன பாட்டில் போதும் என்று கடையில் சொல்வார்கள். காற்று குடிப்பதால் சாகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அம்மோனியாவைக் காற்று என்ன செய்யும்?)

துடுப்பு விரிந்திருக்க வேண்டும். எல்லாத் துடுப்பையும் உடம்போடு மடக்கி ஒட்டிக்கொண்டு நிற்கிற மீனுக்கு உடம்பு சரியில்லை அல்லது தண்ணீர் சரியில்லை. முழுசாக விரிக்க வைத்துப் பார்க்க ஒரு சுலபமான வழி, போனின் திரையை அணைத்துவிட்டு பாட்டில் பக்கத்தில் பிடிப்பது. கறுப்புத் திரையில் தன் உருவத்தைப் பார்த்ததும் செவுளைப் புடைத்துக்கொண்டு, துடுப்பையெல்லாம் விரித்துச் சண்டைக்கு வரும். சில நொடி போதும், அதற்குள் எல்லாம் பார்த்துவிடலாம்: வாலில் ஓட்டை இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா, ஓரம் கறுத்தோ சிவந்தோ பால் போல வெளுத்தோ அரித்திருக்கிறதா. சுத்தமான கிழிசல் நல்ல தண்ணீரில் வளர்ந்து மூடிவிடும், பயப்பட வேண்டாம். ஓரம் நிறம் மாறி அரிப்பது துடுப்பு அழுகல், அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கிரவுன்டெயில் வாங்குகிறவர்கள் குழம்பிவிடக் கூடாது, அதன் வால் முள் முள்ளாகப் பிரிந்திருப்பதுதான் அதன் ஜாதி.

அப்புறம் மேலிருந்து பாருங்கள். இதை யாருமே செய்வதில்லை, பக்கவாட்டில் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மேலிருந்து பார்க்கும்போது உடம்பு தலையிலிருந்து வாலை நோக்கி சீராக ஒடுங்க வேண்டும். தலை பெரிசாகவும் பின்னால் உடம்பு ஒட்டிப்போயும் இருந்தால் பட்டினி கிடந்திருக்கிறது அல்லது குடலில் புழு இருக்கிறது. வயிறு உப்பி, செதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிக்கொண்டு நின்றால் ட்ராப்ஸி, பெரும்பாலும் சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம், அதிலிருந்து மீன் மீள்வது அபூர்வம். கண் இரண்டும் தெளிவாக, ஒரே அளவில் இருக்கட்டும். போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒரு தடவை உடம்பில் அடித்துப் பாருங்கள். தங்கப் பொடி தூவின மாதிரி மினுமினுத்தால் அது வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி. அழகாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. செதிலின் உலோகப் பளபளப்பு ஒழுங்காக வரிசையில் இருக்கும், இது தாறுமாறாகப் படிந்த தூசியாக இருக்கும்.

கடைசியாக ஒரு பெல்லட், அதாவது உருண்டைத் தீனி, போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து கவ்வினால் பாதிக் கவலை தீர்ந்தது. கவ்விவிட்டுத் துப்பி மறுபடி கவ்வுவது பழக்கம்தான். அடியில் கிடக்கிற கழிவையும் ஒரு பார்வை பார்க்கலாம், பழுப்பாகச் சின்ன உருண்டையாக இருந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மீன், வெள்ளை நூலாகத் தொங்கினால் யோசிக்க வேண்டியது.

இனி ஒரு சங்கடமான விஷயம். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போயிருந்தேன். அவன் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கீழ்த் தட்டில் அடியோடு அடியாகக் கிடந்த ஒரு சிவப்பு மீனிடம் உட்கார்ந்துவிட்டான். "மாமா, இத யாருமே வாங்க மாட்டாங்க. பாவம், இதவே எடுப்போம்." கடைக்காரரும் விடவில்லை, "தம்பி ஆசப்படுறான், பாதி வெலைக்கு எடுத்துக்கங்கண்ணே" என்றார். நான் எடுக்கவில்லை. பெரியார் பேருந்து நிலையம் வரும்வரை மாப்பிள்ளை என்னோடு பேசவில்லை.

அவனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல்தான் இருந்தேன், பெரியவர்களுக்காவது சொல்லலாம். இரக்கப்பட்டு வாங்குகிற மீனும் கடைக்காரர் கணக்கில் விற்ற மீன்தான். காலியான பாட்டிலில் அடுத்த லோடில் இன்னொன்று வந்து நிற்கும், இந்த மீன் ஏன் இப்படி ஆனதோ அதே தண்ணீரில், அதே அலட்சியத்தில். செத்து அவருக்கு நஷ்டமாகிற மீன்தான் அவரைத் தண்ணீர் மாற்ற வைக்கும். மருந்து, உப்புக் குளியல், தனித் தொட்டி எல்லாம் தெரிந்து, கைவசம் வைத்திருக்கிறவர் நோய்ப்பட்ட மீனை எடுத்துத் தேற்றினால் நல்லது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். முதல்முதலாக மீன் வாங்குகிற ஒருவர், அதுவும் குழந்தைக்காக வாங்குகிறவர், அப்படி எடுத்தால் ஒரு வாரத்தில் குழந்தை சாவைப் பார்க்கும், அதோடு மீன் வளர்ப்பே வேண்டாம் என்று ஆகிவிடும்.

லோடு என்றேன் அல்லவா, அதில் ஒரு சின்ன சூட்சுமம். "இன்னைக்குத்தாண்ணே லோடு வந்துச்சு, எல்லாம் டாப் பீஸு" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவெல்லாம் சின்னப் பையில் குலுங்கி வந்த மீன், போகிறது எது நிற்கிறது எது என்று அன்றைக்குத் தெரியாது. மூன்று நான்கு நாள் கடையிலேயே கழியட்டும். பிடித்த மீனுக்கு முன்பணம் கொடுத்து வைத்துவிட்டு வருவது கூட உண்டு. அதே சமயம் மாதக்கணக்கில் பாட்டிலிலேயே நிற்கிற மீனும் வேண்டாம். ஃபைட்டரின் ஆயுளே சாதாரணமாக 2 முதல் 4 வருடம்தான், அதில் ஒரு பகுதியைக் கடை அலமாரியே தின்றுவிடும். முதுகு வளைந்து, கண் மங்கி, வால் ரொம்பக் கனத்துத் தொங்குகிற மீனைப் பெரிய மீன் என்று பெருமைப்பட்டு வாங்காதீர்கள், அது வயசான மீனாக இருக்கும்.

வகை பற்றிக் கேட்டால் என் வாக்கு பிளாகாட்டுக்குத்தான். குட்டை வால். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், இந்த மீனை முதலில் வளர்த்தது சண்டைக்கு. உடல் வலு, வேகம், தாக்குப்பிடிப்பு இவற்றைப் பார்த்துப் பொறுக்கினார்கள், தொங்கும் வாலும் கலரும் பிறகு வந்த ஆசைகள். 2019-ல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. கிரவுன்டெயிலெல்லாம் 1990-களில் இந்தோனேசியாவில் உருவாக்கியது, நேற்று வந்த வரவு. வால் நீள நீள மீனுக்குத்தான் பாரம். 180 பாகைக்கு விரிகிற ஹாஃப்மூனும், அதைவிட மடிப்பு மடிப்பான ரோஸ்டெயிலும் போட்டோவில் பிரமாதமாக இருக்கும், ஆனால் கனம் தாங்காமல் தன் வாலைத் தானே கடித்துக்கொள்கிற மீன்கள் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். டிராகன் வகையில் தடித்த செதில் சிலவற்றுக்குக் கண் மேலேயே வளர்ந்து பார்வையை மறைத்துவிடும், வாங்கும்போதே கண் ஓரத்தில் வெள்ளை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிளாகாட்டில் மறைக்க ஒன்றும் இல்லை, உடம்பு அப்படியே தெரியும், அதனாலேயே புதியவர்கள் தேர்ந்தெடுக்கவும் சுலபம். "ஜோடியா வாங்கிக்கங்க" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள், ஒரே தொட்டியில் ஆணையும் பெண்ணையும் நிரந்தரமாக விட்டால் ஒன்று கிழிபடும்.

வாங்கப் போவதற்கு முன்பே வீட்டில் தொட்டி தயாராக இருக்க வேண்டும், அன்றைக்கே தொட்டியும் மீனும் சேர்த்து வாங்குவதுதான் பாதி மீன் சாகக் காரணம். 15, 20 லிட்டர் தொட்டி, மெதுவாக ஓடுகிற ஸ்பான்ஜ் ஃபில்டர், குதிக்கும் என்பதால் மேலே மூடி. அம்மோனியாவைச் சாப்பிடுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற சில வாரம் ஆகும். ஏற்கெனவே மீன் வளர்க்கிற நண்பர் இருந்தால் அவர் ஃபில்டர் ஸ்பான்ஜில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் சீக்கிரம் ஆகும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தோ ஆன்டி குளோரின் விட்டோ பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் நம் பக்கம் நிறைய இடத்தில் உப்பு. ஃபைட்டர் ஓரளவு பழகிக்கொள்ளும், உப்பு ரொம்ப அதிகம் என்றால் கொஞ்சம் கேன் தண்ணீர் கலந்து இறக்கலாம். முழுக்கக் கேன் தண்ணீரிலேயே வைப்பது மட்டும் வேண்டாம், அதில் மீனுக்குத் தேவையான தாது போதிய அளவு மிஞ்சியிருக்காது.

வெயில் பற்றிச் சொல்லாமல் மதுரைக்காரன் எதையும் முடிக்க முடியாது. ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி தோதானது, அதனால் வருடத்தில் பெரும்பகுதி நமக்கு ஹீட்டர் செலவே இல்லை, மார்கழி விடிகாலைகளில் மட்டும் ஒரு கண் வைத்தால் போதும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பகல் இரண்டு மணிக்குப் போய் மீன் வாங்காதீர்கள். சாயங்காலம் வெயில் இறங்கியபின் போங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி காற்றும் இருக்கட்டும், நிறையத் தண்ணீர் ஊற்றி இறுக்கிக் கட்டினால் அது எங்கே வந்து மூச்சு விடும்? ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து மூடாதீர்கள், கீழே இன்ஜின் சூடு. ஒரு துணிப்பையில், பேப்பர் சுற்றி, நிழலாகக் கையில் கொண்டுவாருங்கள், இருட்டாக இருந்தால் மீனும் அமைதியாக வரும்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் உள்ளே விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டியில் வேண்டாம். அன்றிரவு விளக்கை அணைத்துவிடுங்கள், தீனியும் போட வேண்டாம். மறுநாள் காலையில் ஒன்றிரண்டு பெல்லட். தொடவில்லை என்றால் மிச்சத்தை எடுத்துவிட்டு அடுத்த நாள் பாருங்கள், புது இடத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பதால் ஃபைட்டருக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேலும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கடைக்கு ஒரு போன் போட்டு இதுவரை என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். பல கடைகளில் உறைந்த புழு மட்டுமே கொடுத்துப் பழக்கியிருப்பார்கள், பெல்லட் சாப்பாடு என்றே அதற்குத் தெரிந்திருக்காது. முதலில் புழு, பிறகு புழுவோடு பெல்லட், பிறகு பெல்லட் மட்டும் என்று ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம்.